பால் பொங்குமுன் கூரை

நூர் முகம்மது பாய் நல்ல மனிதர்தான். ஆனால் வீடு விற்கும்போது நல்ல மனிதர்களும் கொஞ்சம் லீவு எடுத்துக்கொள்கிறார்கள்.

கொம்தார் கோபுரக் கட்டடத்துக்குப் பின்புறச் சந்தில் இருந்த அவருடைய பழைய கடைவீட்டை வாங்க நானும் என் மனைவி ஜெகதீஸ்வரியும் ஆசைப்பட்டோம். பின்கட்டில் அவர் இருபது வருடம் நாசி கண்டார் சோறும் கறியும் சமைத்து விற்ற விறகடுப்பு. அதன் மேல் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் புகைபோக்கி. கூரைக்கு அடியில் பலகை அடித்து, புதிதாக வெள்ளையும் பூசியிருந்தார். அந்த வெள்ளைதான் எனக்குச் சந்தேகம். ஆளை ஏற்றிப் பார்க்கலாமா என்றால், "நூறு வருசத்து ஓடு தம்பி. கால் வெச்சா நொறுங்கிரும்லா," என்பார். கால் வைத்தால் நொறுங்கும் கூரையின் கீழே எங்களைப் படுக்கச் சொல்கிறார் என்பது எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. வங்கிக் கடன் வீட்டுக்கே சரியாகப் போய்விடும். கூரையும் எங்கள் தலையில் விழுந்தால் போண்டிதான்.

இதற்கிடையில் ஆடி வேறு வந்துகொண்டிருந்தது. ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதம் புதுவீட்டில் பால் காய்ச்ச மாட்டோம். வக்கீல் கொடுத்த கையெழுத்துத் தேதியோ ஆடிக்குள்.

"அதுக்கென்னலா! பாலை இப்பவே காய்ச்சுங்க. கையெழுத்து மெதுவா போட்டுக்கலாம்," என்று பாய் சாவியை நீட்டினார்.

பெருந்தன்மையாவது மண்ணாவது! பால் பொங்கிய வீட்டை எங்கள் ஆட்கள் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு இருபது வருடம் சோறு போட்டவருக்கு இது தெரியாதா? நான் கத்தினேன். ஜெகதீஸ்வரியோ சாவியை வாங்கிக்கொண்டாள். அவள்மீது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அவள் சொந்தபந்தம் இரண்டு வேனில் வந்து இறங்கியது. பாயும் வந்து நின்றார். விறகடுப்பில்தான் காய்ச்சுவேன் என்று ஜெகதீஸ்வரி ஒற்றைக்காலில் நின்றாள். பற்றவைத்த ஐந்தாவது நிமிடம் வீடெல்லாம் புகை. அவள் அத்தை இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார். பால் அசையவே இல்லை.

"பாய், உங்க சிம்னி அடைச்சிருக்கு. பால் பொங்காத வீடு எங்களுக்கு வேணாம்," என்றாள் ஜெகதீஸ்வரி, எல்லோருக்கும் கேட்கும்படி.

அவள் சித்தப்பா கைப்பேசியில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பாய்க்கு வியர்த்தது. பால் பொங்காத வீடு என்ற பேர் பரவினால் எங்கள் ஆட்களில் ஒருவர்கூட அந்த வாசற்படியை மிதிக்க மாட்டார். அவரே பதறிப்போய் அடுத்த தெருவிலிருந்த கூரை வேலைக்காரர் ஸுல்கிஃப்லியை அழைத்தார். ஸுல்கிஃப்லி ஏணியோடு வந்து மேலே ஏறினார். நாங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தோம்.

"பாய்! சிம்னி சுத்தமாத்தான் இருக்கு!" என்று மேலிருந்து குரல் வந்தது. "ஆனா அதைச் சுத்தி ஓடே இல்லலா! கேன்வஸைப் போட்டு மூடி வெச்சிருக்கீங்க! கட்டையெல்லாம் உளுத்துப் போச்சு!"

தெருவே கேட்டது. எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம்.

பாய் விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். சிம்னி சுத்தமென்றால் புகை ஏன்? அடுப்பிலிருந்து ஒரு விறகை உருவினார். அதன் பின்முனையில் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. விறகிலேயே பிழைத்த மனிதரிடம் அது எடுபடுமா?

"தங்கச்சி, இது எத்தன நாளு தண்ணில ஊறுச்சு?"

"ரெண்டு நாளு பாய். உங்க கூரை எத்தன வருசமா ஊறுது?"

பாய் அவளைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவின் கைப்பேசியைப் பார்த்தார். கூரை முழுவதையும் தன் செலவில் மாற்றித் தந்த பிறகே கையெழுத்து என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

"நல்ல நேரமே பத்தரைக்குத்தான் ஆரம்பம்," என்று என் காதில் சொல்லிவிட்டு, வேனிலிருந்து காய்ந்த விறகை எடுத்துவரச் சொன்னாள் ஜெகதீஸ்வரி. பால் நுரைத்து நான்கு பக்கமும் பொங்கி வழிந்தது. எல்லோரும் கை தட்டினோம். பாயும் தட்டினார், வேறு வழி?