கடைசியாகப் படிப்பவள்

எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. யாரும் தங்கள் பிள்ளைக்குத் தாங்களே பாடம் எடுக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் ஐந்து குடும்பங்கள், கிழக்குத் தாம்பரத்திலும் சேலையூரிலுமாக. என் பிள்ளை உன் வீட்டில், உன் பிள்ளை என் வீட்டில். சொந்தப் பிள்ளை என்றால் குரல் உயரும், கை ஓங்கும் என்று நாங்களே பேசி வைத்த ஏற்பாடு. பிள்ளைகளைப் பற்றிப் பெற்றவர்களிடம் குறை சொல்லக் கூடாது என்று இன்னொரு சட்டம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். அதனால் மற்ற நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கும் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். என் மகள் கெசியாவுக்கு மட்டும் வினிதா. வெள்ளிக்கிழமைகளில் வினிதா வீட்டு ஹாலில் எல்லாப் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து, ஒரே பக்கத்தை ஆளுக்கு ஒரு முறை சத்தமாக வாசிப்பார்கள்.

கெசியாவுக்கு ஒன்பது வயது. வாயைத் திறந்தால் மூட மாட்டாள். ஒன்றாம் வகுப்பில் ஒரு மிஸ் அவளைப் பெஞ்சுமேல் ஏற்றி நிற்கவைத்தார் என்றுதான் பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்தினோம். சொந்தக்காரர்கள் வந்தால் கதைப் புத்தகத்தைப் பிரித்து ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டுவாள். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திருப்புவாள். “ஸ்கூலுக்கு அனுப்பாம பொண்ணைக் கெடுக்கிறீங்களே” என்று சர்ச்சில் கேட்டவர்களின் வாயை நான் அதைக் காட்டித்தான் அடைத்தேன்.

போன வாரம் பிள்ளைகளைத் திருமுடிவாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். என் வீட்டுக்காரர் ஜெர்சன் அங்கே கேட், கிரில் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். வினிதாவும் கூட வந்தாள். வெல்டிங் முடிந்த இரும்புத் தகடு ஒன்று ஓரமாக முக்காலிமேல் கிடந்தது. பார்த்தால் சாதாரணத் தகடுதான். அதன்மேல் சாக்பீஸால் பெரிதாக, “சூடு, தொடாதே” என்று எழுதியிருந்தது. கெசியா நேராகப் போய் அதன்மேல் உட்காரப் பார்த்தாள். கையை ஊன்றியதும் அலறினாள். பக்கத்திலிருந்த வெல்டர் பக்தவச்சலம் அவளை அப்படியே தூக்கிவிட்டார்.

“இன்னா பாப்பா, எழ்தி கீதே, படிக்கலியா நீ?”

“படிச்சேனே அங்கிள்,” என்றாள் அழுதுகொண்டே. “‘இங்கே உட்காரலாம்’னு போட்டிருக்கு.”

மற்ற பிள்ளைகள் தகட்டையும் கெசியாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வினிதாவின் மகன் மெதுவாக, “சூடு, தொடாதே” என்று வாசித்தான். அவனுக்கு அந்த எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது நான்.

ஜெர்சன் அவள் விரல்களைத் தண்ணீரில் காட்டிக்கொண்டே, “விடு ஹெப்சி, பயத்துல உளர்றா,” என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. சாக்பீஸை எடுத்துத் தரையில் ‘படகு’ என்று எழுதினேன்.

“இது என்னம்மா, சொல்லு.”

அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள். அதிலிருந்து ஏதாவது வருமா என்று காத்திருந்தாள். பிறகு, கொஞ்சம் முன்னால் காதில் விழுந்ததை வைத்து, “சூடு?” என்றாள்.

அங்கேயே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளைக்கு ஒரு சொல் படிக்கத் தெரியாது. என் வீட்டில், என் கண் எதிரில், ஒன்பது வயதுவரை!

வினிதாவை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். “உனக்குத் தெரியுமா?”

அவள் தலை குனிந்தாள். “தெரியும்க்கா. எழுத்து எல்லாம் ஆடுது ஆன்ட்டின்னு சொல்லுவா.”

“என்கிட்ட சொல்றதுக்கென்ன?”

“உங்களுக்குத் தெரியும்னுதான்க்கா நெனச்சேன். நீங்க டீச்சரு. உங்ககிட்டயே வந்து, உங்க பொண்ணுக்குப் படிக்க வரலைன்னு நான் எப்படிச் சொல்றது? குறை சொல்லக் கூடாதுன்னு வேற வச்சிருக்கோம்.” அவளும் அழுதாள். “வட்டத்துல அவ எப்பவும் கடைசியிலதான் உட்காருவா. மத்தவங்க படிக்கிறதைக் கேட்டுட்டு ஒரு எழுத்து விடாம ஒப்பிச்சிடுவா. பாவம், மானம் போகாம இருக்கட்டும்னு விட்டேன்.”

அவளைத் திட்டத்தான் வாயெடுத்தேன். எல்லோருமாகச் சேர்ந்து என் பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறோம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் விரலுக்கு மருந்து போட்டுவிட்டேன். சட்டமும் ஆச்சு, கூட்டமும் ஆச்சு என்று, அவள் இதுவரை கேட்டிராத கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன். அவள் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள்.

“பக்கத்துல வாடா.”

“நான் கடைசிலம்மா.”

“இங்க வேற யாருடா இருக்கா?”

அவள் சுற்றிப் பார்த்தாள். வாசல் கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை என்றதும் என் பக்கம் திரும்பி, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சிரித்தாள்.

“அப்ப நீ மொதல்ல படிம்மா. ஒரே ஒரு வாட்டி படி, போதும். நான் தப்பே இல்லாம படிச்சிக் காட்டறேன்.”