காலிப் பெட்டியைத் தேடி எழும்புகிறவர்கள்

செத்தவன் ஏன் எழும்பி நடக்கிறான் என்று எழுதுவதுதான் என் உத்தியோகம். சிரிக்காதீர்கள். பெங்களூரில் இருக்கும் ஒரு வீடியோ கேம் கம்பெனிக்கு, அதில் வரும் பேய்க்கும் பிணத்துக்கும் பூர்வ கதை எழுதிக் கொடுக்கிறேன். இருப்பது தூத்துக்குடியில், அக்கா வீட்டில்.

அக்கா ஜெபசுதா தமிழ் டீச்சர். எதை எழுதினாலும் முதலில் அவளுக்கு அனுப்புவேன். பிழை திருத்தித் தருவாள். அந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அத்தான் கிருபாநிதி துறைமுகத்தில் ஒரு கப்பலின் அடிப்பக்கத்தில் ஒட்டிய பாசியைச் சுரண்ட முங்கினார். காற்றுக்குழாய் மேலே வந்தது, அவர் வரவில்லை. ஆலந்தலை, பெரியதாழை வரைக்கும் படகுக்காரர்களிடம் சொல்லி வைத்தோம். ஒன்றும் ஒதுங்கவில்லை. அன்றிலிருந்து அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை.

நாசரேத்திலிருந்து அத்தான் வீட்டார் வந்தார்கள். "பெட்டியில அவன் சட்டையையும் பைபிளையும் வச்சு அடக்கம் பண்ணிருவோம். அப்பதான் இவளுக்கு மனசு ஆறும்" என்றார்கள். பாஸ்டரும் சம்மதித்தார். அக்காதான், "ஆளில்லாத பெட்டிக்கு என்ன அடக்கம்?" என்று ஒரே பிடியாக நின்றாள். அவள் பழையபடி எழுந்து வேலைக்குப் போனால் போதும் என்றிருந்தது எனக்கு. வேறு ஆசையே கிடையாது.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனியில் 'நீரெழும்பி'க்குக் கதை கேட்டார்கள். கடலிலிருந்து கூட்டமாக நடந்து வரும் செத்த மனிதர்கள். விளையாடுகிறவர்கள் அவர்களை வெட்டித் தள்ள வேண்டும். வீட்டில் கேட்ட பேச்சைத் தவிர என் தலைக்குள் அப்போது வேறொன்றும் இல்லை. எழுதினேன்: முத்துக்குளிக்கப் போய்த் திரும்பாதவர்களுக்கு ராஜா காலிப் பெட்டிகளைப் புதைத்தான். மண்ணுக்குள் தன் பெட்டி காலியாகக் கிடப்பது தெரிந்ததும், கடலடியில் கிடந்த உடம்பு எழும்பியது. பெட்டியைத் தேடி ஊருக்குள் நடந்தது. யாரையும் அதற்கு அடையாளம் தெரியாது.

கைப்பழக்கத்தில் அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அழிப்பதற்குள் படித்துவிட்டாள். இரண்டு ஒற்றுப்பிழை திருத்தி வந்தது, வேறு ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலையில், "அடக்கத்த வச்சிருவோம்லே" என்றாள். நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

நாசரேத் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. சட்டையை அவளே தேய்த்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். திரும்பி வந்து வயிறாரச் சாப்பிட்டாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போவதாகச் சொன்னாள். அப்பாடா என்று உட்கார்ந்தேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

"ஏலே பெவின், எத்தன நாளுல வருவாவ? அத நீ எழுதலையே" என்று கேட்டாள் அக்கா.

முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது, அத்தான் எழும்பி வரட்டும் என்றுதான் காலிப் பெட்டியைப் புதைத்திருக்கிறாள்.

"அக்கா, அது விளையாட்டுக்கு எழுதுனது. நான் இட்டுக்கட்டுனது."

"தெரியும்லே."

"அத்தான் செத்தாச்சுக்கா."

"செத்தவியளுக்குத்தான நீ எழுதிருக்க."

"அதுல வாரவனுக்கு ஒருத்தரையும் அடையாளம் தெரியாது. ஒன்னையும் தெரியாது."

"அவியளுக்குத் தெரியாட்டா என்ன? எனக்கு அவியளத் தெரியும்லா."

கத்தினேன், கெஞ்சினேன், காலைக்கூடப் பிடித்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு லேப்டாப்பை என் மடியில் வைத்தாள். "இம்புட்டு எழுதுனவனுக்கு ஒரு கணக்கு எழுத முடியாதா? எழுதுலே."

எழுதாவிட்டால் என்றைக்கும் காத்திருப்பாள் என்று பயந்தேன். நாற்பது நாள் என்று அடித்தேன். நான் வேறு என்ன செய்ய?

குனிந்து வாசித்தாள். முகம் தெளிந்துவிட்டது.

"பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டுரு, திங்கக்கிழம வரமாட்டேன்னு. நாப்பது நாளும் நான் பெட்டிகிட்ட நிக்கணும்லா. அவியளுக்கு என்னையத் தெரியாது பாரு, நான்தான கூப்புடணும்."