அமோஸ் கொல்ல மாட்டான்

ஏழு வருடங்களில் இருநூற்றுப் பதினெட்டு கொலை செய்திருக்கிறேன். எண்ணி வைத்தது நான் இல்லை, ரசிகர்கள். அதில் பதினொன்று மட்டும்தான் உயிருள்ள மனிதர்கள், மற்றதெல்லாம் ஜாம்பிகள். எல்லாமே அலகில்லாத ஒரு கத்திப்பிடியால் செய்தது. பிடியை எதிராளியின் நெற்றியில் வைத்து அழுத்தினால் போதும், அலகைப் பிறகு கணினியில் சேர்த்துக்கொள்வார்கள். ஜார்ஜியாவின் ஜூலை வெயிலில், தோல் ஜாக்கெட்டோடு, சோளப்பாகில் செய்த போலி ரத்தத்தில் ஈ மொய்க்க மொய்க்க அந்த வேலையைச் செய்துதான் பெயர் வாங்கினேன்.

நான் ரோவீனா. டிவி தொடரில் ஹேஸல். உலகம் அழிந்த பிறகு ஒரு பழைய பஞ்சாலைக்குள் ஒளிந்து வாழும் நாற்பது பேருக்கு ஹேஸல்தான் காவல். அவர்கள் உயிரோடு இருப்பதே அவள் கத்தியால்.

ஆறாவது சீசனில் வெர்னன் பிக்கெட் வந்து சேர்ந்தான். அவனுக்குக் கொடுத்த பாத்திரம் அமோஸ். சிறைச்சாலையில் தூக்கு மேடைக் காவலனாக இருந்துவிட்டு, இனி எந்த உயிரையும் எடுப்பதில்லை என்று சத்தியம் செய்தவன். ஜாம்பியைக்கூடக் கொல்ல மாட்டான். நீளமான ஒரு கழியால் நெட்டித் தள்ளிக்கொண்டு போய் மாட்டுப்பட்டியில் அடைப்பான். "இவங்களும் யாரோ பெத்த புள்ளைங்கதான்" என்று ஒரே ஒரு வசனம் சொன்னான். அடுத்த மாதம் ஊர்க் கடைத்தெருவில் அந்த வசனம் போட்ட பனியன்கள் தொங்கின. என் முகம் போட்ட காப்பிக் கோப்பைகள் கண்ணாடி ஜன்னலிலிருந்து உள் அலமாரிக்குப் போயின. அவன் ஒரு ஜாம்பியைத் தள்ளிக்கொண்டு ஆடி அசைந்து போகும்போது பின்னால் வரும் மற்ற ஒன்பதையும் யார் முடிப்பது? நான்தான். அதற்கு எவனாவது பனியன் அடித்தானா?

இது பொறாமை என்று நீங்கள் சொல்வீர்கள். பொறாமைதான். மறைக்க ஒன்றுமில்லை.

இதில் பெரிய கொடுமை, வெர்னன் வேட்டைக்காரன். நவம்பர் வந்தால் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய்விடுவான். நானோ வீட்டுக்குள் வந்த சுண்டெலியைச் செருப்புப் பெட்டியில் பிடித்து, காரில் கொண்டுபோய் வயலில் விட்டவள். ஆனால் வண்டி வண்டியாக வரும் ரசிகைகள் கண்ணீரோடு பிடித்துக்கொள்வது அவன் கையைத்தான். "நான் நல்லவன்லாம் இல்லீங்க மேடம், எழுதிக் குடுக்கறதப் பேசறேன்" என்பான். அந்தப் பணிவுக்கு இன்னும் இரண்டு பேர் அழுவார்கள்.

எனக்குத் தழும்பு ஒட்டும் ஒப்பனைக்காரி ட்வைலாவிடம் ஒருநாள் பொங்கிவிட்டேன்.

"அவன் ஃப்ரீசர்ல மூணு மான் இருக்கு, தெரியுமா?"

"தெரியுமே. எனக்கு ரெண்டு பொட்டலம் குடுத்தான். தங்கமான மனுஷன்."

"மான் செத்துருக்குடி!"

"உனக்கு வயித்தெரிச்சல், கண்ணு. ஆடாம உக்காரு, பசை காயணும்."

ஏழாவது சீசனின் கடைசிப் பகுதி நெருங்கியது. கதையில் எங்கள் தானியக் கிடங்குக்குத் தீ வைத்து, இரண்டு பேரைக் கொன்ற எதிரிக் கூட்டத்துக்காரன் ஒருவன் பிடிபட்டிருந்தான். கொன்றுவிடலாம் என்றாள் ஹேஸல். கூடாது என்றான் அமோஸ். மூன்று வாரம் அதே சண்டை. பார்க்கிறவர்கள் எல்லோரும் அமோஸ் பக்கம். அகிம்சையைப் பற்றி நீளமாகக் கட்டுரை எழுதிய ஒரு மகராசன், ஜாம்பிகளைவிட ஹேஸல்தான் அந்த உலகத்துக்குப் பிடித்த நோய் என்று முடித்திருந்தான். மூன்று தடவை படித்தேன். படித்த சூட்டோடு தலைமை எழுத்தாளர் நேடினின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"நேடின், காவல் காக்கறது ஹேஸல். கை சுத்தமா இருக்கறது அமோஸ். அவ கொல்றதாலதானே அவனால கொல்லாம இருக்க முடியுது? அதுக்குப் பேரு கொள்கையா?"

நேடின் கண்ணாடியைக் கழற்றினாள். "மேல சொல்லு."

"ஒரே ஒரு தடவ அவன் கொல்லணும். வேற வழியே இல்லாம. ஒடைஞ்சாத்தானே அது எவ்ளோ கெட்டின்னு தெரியும்."

நான் சொன்னதில் பொய் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் உள்ளே இருந்த நினைப்பு வேறு. கையில் ரத்தம் பட்டால் அவனும் எங்களில் ஒருத்தன் ஆகிவிடுவான், மகான் வேஷம் கலைந்துவிடும் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது நெடுநாளைக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்தேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வசனப் பிரதி மின்னஞ்சலில் வரும். சின்னத் திருத்தம் என்றால் உதவியாள் சொல்வாள். நேடினே போன் செய்தால் அதற்கு ஒரே அர்த்தம், உன் பாத்திரம் சாகப்போகிறது. அவள் பெயர் திரையில் வந்தால் எவரும் முதல் மணியில் எடுப்பதில்லை. நான்கு நாள் கழித்து, சமையலறையில் அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது. ஆறாவது மணியில் எடுத்தேன்.

"ரோவீனா, உக்காந்துருக்கியா?"

"நிக்கறேன். சொல்லு."

"அமோஸ் கொல்றான். நீ சொன்ன மாதிரியே."

"கைதியத்தானே?"

"கைதி செத்தா யாரு அழுவா? தொலைஞ்சான்னு நிம்மதியா எந்திரிச்சுப் போயிடுவாங்க. ஹேஸல் கைதியக் கொல்ல வர்றா. அமோஸ் தடுக்கறான். அவ நிறுத்தல. அவனுக்கு வேற வழியில்ல. ரொம்ப நல்லா வந்துருக்கு, ரோவீனா. எல்லாம் நீ போட்ட விதை."

இருநூற்றுப் பதினெட்டு தடவை கத்தியை அழுத்தியவளுக்கு, கொலை என்றால் ஒரு பிணம் வேண்டும் என்பது மறந்துபோய்விட்டது. அவன் கையை மட்டும்தான் யோசித்தேன். அந்தக் கைக்கு அடியில் யார் நெற்றி இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. ஐம்பதை நெருங்கும் நடிகைக்கு அடுத்த வேலை எங்கே இருக்கிறது? உட்கார்ந்துவிட்டேன்.

படப்பிடிப்பு அன்று கேமரா முழுக்க வெர்னன் முகத்தில். ஏழு வருடம் நடித்த நான் செத்தபோது தெரிந்தது என் பின்மண்டை. அதற்கும் இயக்குநர் இடையில் நிறுத்தினார்.

"ரோவீனா, கொஞ்சம் தலையக் குனிஞ்சுக்கோ. வெர்னன் கண்ணு மறைக்குது."

குனிந்துகொண்டேன். வெர்னன் அழுதான். விளக்குப் பிடிக்கிறவன்கூட அழுதான்.

செத்தவருக்கு விருந்து வைப்பது இன்னொரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மதியம், நெடுஞ்சாலை ஓரத்துப் பார்பிக்யூ கடையில். கொன்றவர்தான் முதல் தட்டை எடுத்துவந்து செத்தவருக்குப் பரிமாற வேண்டும். வெர்னன் பன்றிக்கறியும் சோளரொட்டியும் வைத்துக் கொண்டுவந்தான். வைத்துவிட்டு நிமிர்வதற்குள் ஆளாளுக்கு அவனைக் கட்டிப்பிடித்தார்கள்.

"பாவம் வெர்னன், எப்பிடித்தான் தாங்கினியோ" என்று ட்வைலா மூக்கைச் சிந்தினாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், செத்தது நான். மடியில் துணியை விரித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். துக்கம் விசாரிப்பு அவனுக்கு நடந்தது.

ஒருவழியாக எல்லோரும் விலகிய பிறகு பக்கத்தில் வந்து அமர்ந்தான்.

"மிஸ் ரோவீனா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் நேடின்கிட்ட சண்ட போட்டேன். அமோஸ் கொல்ல மாட்டான், அந்தக் கைதிக்கு முன்னால போயி நின்னு ஹேஸல் கையால சாவான், என்ன முடிச்சுடுங்கன்னேன். ரெண்டு மணி நேரம் கெஞ்சிப் பாத்தேன். யாரோ நல்ல யோசனை குடுத்துட்டாங்களாம், மாத்த மாட்டேன்னுட்டா."

"உன் பொண்ணு இப்பத்தானே காலேஜ் சேர்ந்தா?"

"அது என்னவோ பாத்துக்கலாங்க. நீங்க ஏழு வருஷமா இங்க இருக்கீங்க."

இரண்டு வருடம் அவன் எதிரில் நின்று நடித்தவள் நான். அவன் எப்போது நடிக்கிறான் என்று எனக்குத் தெரியும். இப்போது நடிக்கவில்லை. அழுகை வந்தது. அழுகையோடு அதுவும் வந்தது, அதே பழைய எரிச்சல். இதுவும் அவனுக்குத்தான் தோன்ற வேண்டுமா? பத்து வருடம் யோசித்தாலும் எனக்குத் தோன்றியிருக்காதே.

அந்த யோசனை என்னுடையது என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்தது. ஒரு நிமிடம் என்னையே பார்ப்பான். பிறகு மன்னித்துவிடுவான். இத்தனை பேருக்கு முன்னால், நிஜமாகவே மன்னிப்பான், அழகாக மன்னிப்பான்.

"அந்த முட்டைக்கோஸ் சாலட இப்படித் தள்ளு" என்றேன்.