குரோம்வெல்லின் குதிரை உதைத்த பாலம்

அந்த ஆற்றோரத்தில் எது இடிந்து கிடந்தாலும் பழியைத் தூக்கிக் குரோம்வெல் தலையில் போட்டுவிடுவார்கள். கூரையில்லாத மடாலயம், பாதி விழுந்த கோட்டை, போன மாதக் காற்றில் சாய்ந்த கோழிக்கூடு, எல்லாமே அவர் படை செய்த வேலைதான். இங்கிலாந்திலிருந்து வந்து எரித்துவிட்டுப் போன ஆள். போய் நானூறு வருடம் ஆகப்போகிறது. மறுத்துப் பேசவா வரப்போகிறார்?

மலக்கி டிரோஹன் மட்டும் சும்மா இருப்பானா? அவன் பண்ணைக்குப் போகும் குறுகலான கல்பாலத்தின் பக்கச்சுவரில் ஒரு பள்ளம் இருந்தது. அவனே டிராக்டரைக் கொண்டுபோய் இடித்து உண்டாக்கியது. மதுக்கடையில் யாரோ கேட்டபோது, "குரோம்வெல்லோட குதிரை உதைச்ச தடம்டா அது" என்று கயிறு திரித்தான். கதை பிடித்துக்கொண்டது. கொஞ்ச வருடத்தில் ஆறு நெடுக எல்லா ஊர்க்காரர்களும் அதைத் தங்கள் தாத்தா சொன்னதாகச் சொன்னார்கள்.

இப்போது பால் லாரிகள் பெருத்துவிட்டன. பாலத்தை அகலப்படுத்தாவிட்டால் கோடையோடு லாரி வராது. லாரி வராவிட்டால் பசுக்களை விற்பதைத் தவிர மலக்கிக்கு வேறு வழியில்லை. ஒருவழியாகக் கவுன்சில் இறங்கி வந்த நேரத்தில், பழைய கட்டடங்களைக் காக்கும் அதிகாரி ஓர்லா கீவனி வந்து அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அது என் டிராக்டர் இடிச்சதும்மா. கதை நான் விட்டது."

"குதிரை வந்துச்சா இல்லையாங்கறது பெரிசில்ல, மலக்கி," என்று அவள் சிரித்தாள். "இந்த ஆறு முழுக்க அதை நம்புது. எந்த ஊர்ல கேட்டாலும் ஒரு வார்த்தை மாறல. அதுக்குப் பேர்தான் மரபு. இனிமே ஒரு கல்லைக்கூட நகத்தக் கூடாது."

மலக்கி மதுக்கடைக்கு ஓடி உண்மையைச் சொல்லிப் பார்த்தான். "அப்ப எங்க தாத்தா பொய் சொன்னாருங்கிறியா?" என்று அடிக்க வந்தார்கள்.

"சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டியே," என்றாள் மனைவி நோனி. "அந்தக் குதிரை இப்பத்தான்யா உதைச்சிருக்கு, நம்ம வயித்துல."

கோடை முடிந்ததும் பசுக்கள் போயின. கடைசியாகப் போனது முதுகில் வெள்ளைக் கோடு ஓடிய பசு, ட்ரிமீன். பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்ற லாரிவரை நடத்திப்போக வேண்டியிருந்தது. பாலத்துக்கு நடுவில் வந்ததும் நின்றுவிட்டது. இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். மலக்கி கொட்டகைக்குள் போய் வாய்விட்டு அழுதான்.

பாலத்தில் குதிரைக் கதையை எழுதிப் பலகை வைத்தார்கள். சுற்றுலாக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பால் கறக்கும் வேலை இல்லாத மலக்கி, கதை சொல்லும் வேலைக்கு வந்து நின்றான். இனிமேல் உண்மையைத்தான் சொல்வது என்று தினமும் வீட்டில் முடிவு செய்துகொண்டுதான் வருவான்.

ஒருநாள், கழுத்தில் கேமரா மாட்டிய ஒரு பெண், "அந்தக் குதிரைக்குப் பேர் ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டாள்.

மலக்கி சுவரின் பள்ளத்தில் கையை வைத்தான்.

"ட்ரிமீன்," என்றான். "முதுகுல வெள்ளைக் கோடு. பாலத்தைத் தாண்ட மாட்டேன்னு ஒரே அடம். தள்ளித்தான் கொண்டுபோனாங்க."

அவள் அதை எழுதிக்கொண்டாள்.