மழை பெய்யாமல் வந்த ஓதம்

செவ்வாய்க்கிழமை வண்டியின் தண்ணீர் பம்பு ஓடவில்லை. புதன்கிழமை காலை ஏறும் படி வெளியே நீளமாட்டேன் என்றது. சாயங்காலம் கேஸில் ஓடுகிற குளிர்பெட்டி பற்றவில்லை. ஒவ்வொன்றுக்கும் என் புருஷன் லோரிஸ் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிச் சேதி சொன்னான். நான் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன். சனிக்கிழமை எங்கள் ஒரே மகன் தேவிஸுக்குக் கல்யாணம், அதுவும் இத்தாலியின் மறுகோடியில், லெச்சேக்குப் பக்கத்தில். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போகிற எங்கள் கிழட்டுக் கேம்பர் வண்டியில், எங்கள் ஊர் கொமாக்கியோவிலிருந்து அங்கே போய்ச் சேர ஒன்றரை நாள் பிடிக்கும். மேடு வந்தால் சைக்கிள்காரன் முந்துவான்.

"நீ ரயில்ல போயிடு, நீவெஸ். நான் இதைச் சரிபண்ணிட்டுப் பின்னாடியே வரேன்" என்றான் லோரிஸ்.

பின்னாடியே வருவானாம். எனக்கு அவனைத் தெரியாதா? நான் மட்டும் தனியாகப் போய் இறங்கினால், அப்பன் வரமாட்டான் என்று அதற்கு அர்த்தம். தேவிஸ் அப்புறம் எங்கள் வாசலை மிதிக்கவே மாட்டான். மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணத்தில் முகம் பார்க்காதவர்கள் வேறு எதில் பார்க்கப்போகிறார்கள், எங்களில் ஒருவர் சாவிலா? உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மடித்த துணியையே உதறி மறுபடி மடித்தேன்.

சண்டையும் இந்தக் கேம்பரால்தான். ஒரு ஜனவரியில் தேவிஸ் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தொனாத்தாவைக் கூட்டிக்கொண்டு பனிமலைக்குப் போய்வந்தான். அவள்தான் இப்போது கல்யாணப் பெண். அவன் கொண்டுவந்து முற்றத்தில் விட்ட வாரமே ஊரெல்லாம் உறைந்தது. வண்டியின் வெந்நீர் பாய்லருக்குள் நின்ற தண்ணீர் பனிக்கட்டியாகிப் பாய்லர் பிளந்துவிட்டது. குளிர் அதிகமானால் தானாகத் திறந்து தண்ணீரைக் கீழே கொட்டிவிட அதில் ஒரு வால்வு உண்டு. அது ஏனோ திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்த பிள்ளையை லோரிஸ் முற்றத்திலேயே பிடித்துக்கொண்டான்.

"ஒரு பாய்லரைப் பாத்துக்கத் துப்பில்ல. நீ ஒரு பொண்ணை எப்படிடா பாத்துக்கப்போற?"

அந்தப் பெண் பக்கத்தில்தான் நின்றாள். அவள் அம்மா எங்களுக்கு அனுப்பிய ஆலிவ் எண்ணெய் டின் அவள் கையில் இருந்தது. தேவிஸ் கேம்பருக்குள் போனான். பின்சீட்டைத் தூக்கி, பாய்லர் இருக்கும் பொந்துக்குள் தலையை விட்டுப் பார்த்தான். வெளியே வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியை பானட்டின் மேல் வைத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனவன்தான். டின்னை மட்டும் அவள் எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். அதைத் திறந்து சமைக்க எனக்கு மாதக்கணக்கில் மனசு வரவில்லை.

வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். காலையிலேயே கண்ணாடித் தம்ளர்களைத் துண்டில் சுற்றினேன், கேஸ் சிலிண்டரைப் பெல்ட் போட்டுக் கட்டினேன், லோரிஸின் கல்யாண சூட்டைக் குளியலறைக்குள் தொங்கவிட்டேன். கேம்பர்காரர்களுக்கு அதுதான் அலமாரி. எல்லாம் முடிந்து செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நீவெஸ், இங்க வந்து பாரு."

படுக்கைக்கு மேல் மூலையில், ஓதம் பார்க்கும் கருவியைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். கைக்கு அடக்கமான பொருள், முனையில் இரண்டு ஊசி. ஈரம் இருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து கத்தும். கத்திக்கொண்டிருந்தது.

"கூரை ஜாயின்ட் விட்டுப்போச்சு. உள்ள சட்டமெல்லாம் ஊறியிருக்கும். மேல ஏறிப் பழைய பசையைச் சுரண்டிட்டுப் புதுசு வைக்கணும். அது காயவே ரெண்டு நாள் ஆகும்."

பழைய கேம்பர் வைத்திருப்பவர்களிடம் ஓதம் என்று சொன்னால் போதும், முகம் வெளுத்துவிடும். வெளியே தெரியாமல் உள்ளேயே வண்டியை அரித்துத் தின்றுவிடும் வியாதி அது. நானும் அப்படியே படுக்கையில் உட்கார்ந்துவிட்டேன். முடிந்தது, இனிமேல் ரயில்தான் என்று நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பினேன். பக்கத்து வயலில் மக்காச்சோளம் தண்ணீர் இல்லாமல் சுருண்டு நின்றது. வாரக்கணக்கில் சொட்டு மழை இல்லை.

"குடு இப்படி" என்று கருவியைப் பிடுங்கினேன். அதே மூலையில் வைத்தேன். பச்சை. ஒரு சாண் தள்ளி வைத்தேன். பச்சை. அப்புறம் ஊசி இரண்டின் மேலும் என் கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு எரிந்து கத்தியது.

"ஊசியில வெச்சிருந்த உன் கட்டைவிரலுக்குத்தான் ஓதம் வந்திருக்கு, லோரிஸ். கூரையைச் சுரண்டறதா, அதைச் சுரண்டறதா?"

அவன் கட்டைவிரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"பம்பு?"

"வயரை நான்தான் கழட்டிவிட்டேன்."

"படி?"

"அதுவும் நான்தான்."

"குளிர்பெட்டி?"

"அது நெஜமாவே கெட்டுப்போச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெற்ற பிள்ளையின் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க இத்தனை வித்தையா, உனக்கெல்லாம் நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். அவன் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்துப் படுக்கையில் வைத்தான். துணி காயப்போடுகிற மஞ்சள் கிளிப். என் கிளிப்தான்.

"வால்வுமேல இருந்துச்சு" என்றான்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த வால்வு ஒரு தொல்லை. இலையுதிர் காலத்தில் ராத்திரி கொஞ்சம் குளிர்ந்தாலே திறந்துகொண்டு, நிரப்பி வைத்த தண்ணீரையெல்லாம் ரோட்டில் கொட்டிவிடும். அதனால் எல்லாக் கேம்பர்காரர்களும் ஒரு திருட்டு வேலை செய்வார்கள். அதன் குமிழில் துணிக் கிளிப்பை மாட்டிவிடுவார்கள். உறைபனி வருவதற்குள் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். அந்த வருஷம் அக்டோபரில் லோரிஸ் மாட்டினான், எடுக்க மறந்தான், அப்படியே பிள்ளையிடம் சாவியைக் கொடுத்திருக்கிறான்.

"அவன் மேல தப்பே இல்ல. அந்தப் பொண்ணு முன்னாடி நான் என்ன பேச்சுப் பேசினேன். எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அங்க போய் நிக்கறது?"

"இருக்கற முகத்தை வெச்சுக்கிட்டுத்தான். இப்பவாவது கண்ணுல பட்டுச்சே. போய் அவங்கிட்டச் சொல்லு."

அவன் ஏதோ சொல்ல வந்தான், அப்புறம் கிளிப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். "நீயே போய்ச் சொல்லிடேன்" என்றான்.

நேராகப் போய் டிரைவர் சீட்டில் ஏறினேன். எங்கள் வாழ்நாள் முழுக்க அவன் ஓட்டுவான், நான் பின்னால் நின்று கை காட்டுவேன். எந்தக் கேம்பர் ஜோடியைக் கேட்டாலும் அப்படித்தான். ரிவர்ஸ் போட்டேன். கியர் கதறியது. வண்டி முற்றத்து வாசல் தூணை நோக்கிக் கோணலாக நகர்ந்தது. கண்ணாடியில் லோரிஸ் ஓடிவருவது தெரிந்தது.

"வலப்பக்கம் ஒடி. இன்னும் ஒடி. நிறுத்து, தூண் வருது. இப்ப வா."

ரோட்டுக்கு வந்ததும் என் பக்கக் கதவைத் திறந்தான். "தள்ளு. கியர்பாக்ஸைக் கொன்னுடுவ" என்றான். கிரீஸ் படிந்த கால்சட்டையோடேயே ஓட்டினான். அன்கோனா ஊரைத் தாண்டி ஓரங்கட்டி, பம்பு வயரை மாட்டினான். படியை மறந்துவிட்டான். லெச்சே வரைக்கும் நான் குதித்துக் குதித்துத்தான் இறங்கினேன். நூறு கிலோமீட்டருக்கு ஒருதரம் எஞ்சினில் ஏதோ சத்தம் கேட்கிறது என்பான். எனக்குக் கேட்கவில்லை என்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொனாத்தா வீட்டு ஆலிவ் தோப்புக்குள் நுழைந்தோம். தேவிஸ் வெளியே வந்தான். வா என்று சொல்லவில்லை. வண்டியின் பின்பக்கம் போய் நின்றான், சின்ன வயசில் நிற்பதுபோலவே. வாங்க, வாங்க, போதும் என்று கை காட்டினான். லோரிஸ் கண்ணாடியில் அவன் கைகளை மட்டுமே பார்த்து வண்டியை நிறுத்தினான்.

இறங்கியதும் லோரிஸ் கிளிப்பை நீட்டினான். தொனாத்தாவும் அதற்குள் வந்துவிட்டாள்.

"வால்வுமேல இருந்துச்சு. நான் மாட்டினது. நீ ஒண்ணும் கெடுக்கல."

"தெரியும்ப்பா" என்றான் தேவிஸ். "அன்னைக்கே பாத்தேன்."

"பாத்துட்டு ஏன்டா சொல்லல?" என்று நான்தான் கத்தினேன்.

"இவ முன்னாடி என்னை அசிங்கப்படுத்தினாரு. இவ முன்னாடியே அவரை அசிங்கப்படுத்த எனக்கு மனசு வரலம்மா. வாராவாரம் அந்த வண்டியைக் கழட்டிப் பூட்டறவர்தானே. அடுத்த வாரம் பாப்பாரு, போன் பண்ணுவாருன்னு இருந்தேன்." அப்பாவைப் பார்த்தான். "இப்பத்தான் பாத்தீங்களா?"

பிள்ளை தப்பிக்க வழி விட்டுக் கொடுக்கிறான். தலையை ஆட்டினால் போதும். ஆட்டித் தொலையேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"இல்ல" என்றான் லோரிஸ். "அடுத்த வாரமே பாத்தேன்."

என் காதையே நான் நம்பவில்லை. மூன்று வருஷம். மூன்று கிறிஸ்துமஸுக்கு நான் பிள்ளையின் தட்டைப் போட்டுவிட்டு எடுத்து வைத்தேன், இவன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. அவன் கையிலிருந்து கிளிப் கீழே விழுந்தது. தொனாத்தா குனிந்து எடுத்தாள், என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

தேவிஸ் வண்டியின் முன்பக்கம் போய்க் குனிந்தான்.

"இந்தச் சக்கரம் தாழ்ந்திருக்கு. இப்படியே படுத்தா ராத்திரி உருண்டுடுவீங்க. ஏத்தற கட்டை எங்க?"

"பழைய இடத்துலதான்."

கட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தான். லோரிஸ் ஏறி உட்கார்ந்தான். எத்தனை தரம் குத்தியும் சாவி துவாரத்துக்குள் போகவே இல்லை.

"இறங்குங்கப்பா. சாவியைக் குடுங்க."

லோரிஸ் கொடுத்தான். தேவிஸ் வண்டியில் ஏறினான். லோரிஸ் கட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே, வா வா என்று பிள்ளைக்குக் கை காட்டினான்.