பெரிய பரிசலுக்கு அடியில்

பரிசலை வேன் கூரையில் ஏற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கவிழ்த்துப் போட்டு, நாலு பக்கமும் கயிற்றை இழுத்துக் கேரியரோடு இறுக்கினால் முடிந்தது. ரெண்டு பரிசல் என்றால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சிறியதை முதலில் கவிழ்க்க வேண்டும், பெரியது அதன்மேல் மூடிக்கொள்ளும். மாசாணத்துக்கு இன்றைக்கு அந்த யோசனைக்கு வேலை இல்லை. ஒரு பரிசல்தான், ஒரு ஆள்தான்.

தொண்ணூற்றாறாம் வருஷத்து ஐப்பசி. சிறுமுகை ஆற்றங்கரைக்கு மேலே ரோட்டோரம் தம்பிதுரையின் வேன் நின்றது. மேட்டுப்பாளையம் மண்டியில் ஏற்றிய உருளைக்கிழங்கு மூட்டைகள் உள்ளே அடைத்துக்கொண்டிருந்ததால் பரிசல், வலை, துடுப்பு எல்லாம் கூரைக்குத்தான். ஆழியாறு அணையில் மீன் பிடிக்க ஆள் கேட்டிருந்தார்கள். மாசாணம் உடனே சரி என்றுவிட்டான். தினமும் விடிந்து எழுந்து இந்தப் பவானி ஆற்றின் முகத்தில் விழிக்க இனி அவனால் ஆகாது.

ஆடி மாதம் அவன் தன் பரிசலுக்குத் தார் பூசிக் காய வைத்திருந்தான். அன்றைக்குப் பார்த்து மகள் ராமாமணி, "நானும் வலை எடுக்க வாரேனுங்ப்பா" என்று காலைக் கட்டிக்கொண்டாள். தார் காயும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்காமல் மனைவி பாவாத்தாளின் சின்னப் பரிசலை எடுத்தான். அது ஒரு ஆளுக்கே அளவானது. நடு ஆற்றில் சுழல் இழுத்ததும் புரண்டுவிட்டது. அவன் கரையேறினான். ஏழு வயசுப் பிள்ளை மறுநாள்தான் கிடைத்தாள்.

அன்றிலிருந்து பாவாத்தாள் புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவளோ வேளாவேளைக்குச் சோறு போட்டாள். அதுதான் அவனைக் கொன்றது. சின்னப் பரிசல் வீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்தே கிடந்தது. அதைத் தொட ரெண்டு பேருக்கும் மனசு வரவில்லை. நேற்று, "நான் போறன் அம்மணி, வாரதா இருந்தா வா" என்று சொன்னபோதும் அவள் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்ணா, கட்டியாச்சுங்களா? மானம் வேற இருட்டிட்டு வருது" என்று தம்பிதுரை கீழிருந்து குரல் கொடுத்தான். "அக்கா வரலீங்களா?"

"அவ வரமாட்டா தம்பி. போலாம்."

கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தான். ஆற்றங்கரை மேட்டில் ஒரு பரிசல் ஆமைபோல அசைந்து வந்தது. தலைமேல் கவிழ்த்திருந்ததால் ஆளின் முகம் தெரியவில்லை. அடியில் ரெண்டு கால்களும், முழங்கையில் தொங்கிய துணிமூட்டையும்தான் தெரிந்தன. அந்தக் கால்களை அவனுக்குத் தெரியாதா?

பாவாத்தாள் பரிசலை வேன் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"இதெதுக்கு அம்மணி?" என்றான். கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. "என்னால கண்ணெடுத்துப் பாக்க முடியலியே."

"பின்ன ஆருகிட்ட உட்டுப்போட்டு வரச் சொல்றீங்க?" மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்கிறான். "கடசியா அவ உக்காந்த எடம் இதுலதானுங்க இருக்குது."

மாசாணம் மண்டியிட்டு, கட்டிய முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தன் பரிசலை ஒதுக்கினான். தம்பிதுரை கீழிருந்து தூக்கிக் கொடுக்க, சின்னப் பரிசல் மேலே வந்தது. ராமாமணிக்கு மூங்கில் குத்தக்கூடாது என்று அவன் கட்டிவிட்ட சாக்குத்துண்டு உள்ளே அப்படியே இருந்தது. அதைத் தடவிப் பார்த்தான். அழுகை பீறிட்டு வந்தது. அடக்காமல் அழுதான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னதைக் கவிழ்த்து வைத்தான்.

"பெருச மேல கவுத்தா இது கண்ணுக்கே தெரியாது அம்மணி. பரவால்லியா?"

பாவாத்தாள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

"கவுத்துங்க. மழ வருதுல்லீங்க, நம்ம புள்ள நனையாம வரட்டும்."