ஒன்பதாவது ஊர்

ஆஸ்திரேலியக் கால்பந்து என்று சொன்னால் புதுச்சேரி நெல்லித்தோப்பில் யாருக்கும் விளங்காது. பந்து முட்டை மாதிரி இருக்கும், கையால் பிடிக்கலாம், குத்தித் தள்ளலாம், காலால் உதைக்கலாம், அடுத்தவள் தோள்மேல் எகிறியும் பிடிக்கலாம் என்று இஃப்ஃபத் விளக்கிச் சொன்னால், "அப்போ எதுதாம்மா தப்பு?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் கையில் இருக்கும் டீ ஆறிவிடும். அதனால் "புட்பால் மாதிரி ஒண்ணு" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள்.

அந்த ஆட்டத்துக்கு நாட்டில் ஒரு பெண்கள் லீக் உண்டு. எட்டு ஊர், எட்டு அணி. ஒன்பதாவதாக இன்னும் ஓர் ஊரைச் சேர்ப்பது என்று லீக் தீர்மானித்து, விண்ணப்பித்த ஊர்களைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டை மிச்சம் வைத்தது. ஒன்று விசாகப்பட்டினம், மற்றது புதுச்சேரி. இரண்டையும் நேரில் பார்த்து முடிவு சொல்லும் பொறுப்பை பூவிழி என்கிற கோயம்புத்தூர்க்காரப் பெண்மணியிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

அந்த இடம் புதுச்சேரிக்குக் கிடைத்தால் இஃப்ஃபத்தும் அவள் தோழிகளும் சொந்த ஊர்ப் பெயரைச் சட்டையில் போட்டு ஆடலாம். கிடைக்காவிட்டால் அணி கலைந்துவிடும். ஏற்கெனவே இரண்டு பேர் ஹேண்ட்பால் பக்கம் போய்விட்டார்கள். இஃப்ஃபத்துக்கு இருபத்தெட்டு வயது. பகலில் தட்டாஞ்சாவடியில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளைச் சோதிக்கிற வேலை, சாயங்காலம் ஆட்டம். இன்னொரு முறை லீக் புது ஊர் தேடும்போது அவள் கால்கள் காத்திருக்கப்போவதில்லை. அது அவளுக்குத் தெரியும்.

இந்த ஏழு வருஷமும் அவர்கள் ஆடியது ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். மூன்று பக்கமும் வகுப்பறைகள், வகுப்பறை நெடுக ஜன்னல்கள். இஃப்ஃபத்தின் அத்தா அன்வருதீன் நெல்லித்தோப்பில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆரம்பத்தில் இவள் உதைத்து உடைத்த ஜன்னல்களுக்கெல்லாம் அவரே போய்க் கண்ணாடி மாட்டிவிட்டு வந்தார். "மவ ஒடைக்கிறா, அப்பன் மாட்டுறாரு. ஜோரான வியாபாரம்தான் பாய்!" என்று தெருவில் கிண்டல். அவர் சிரித்துக்கொள்வார். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. இனி ஒரு கண்ணாடி உடைந்தாலும் மைதானம் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று முதல் எல்லாரும் காலை அடக்கி உதைக்கப் பழகினார்கள். பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடும் சின்ன ஆட்டத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

லீக் கேட்டதோ முழு மைதானம், பக்கத்துக்குப் பதினெட்டு பேர். விதிப்புத்தகத்தைப் புரட்டினால், மைதானம் நீள்வட்டமாக இருக்க வேண்டும், அளவு மட்டும் ஊருக்கு ஊர் மாறலாம் என்று போட்டிருந்தது.

"என்னாடி ரூல் இது?" என்றாள் தாமரைச்செல்வி. குருசுக்குப்பத்துக்காரி, அணியில் எல்லாரையும்விட உயரமாக எகிறுபவள். "பொடவ மாதிரி ஆறு கெஜம்னாலும் ஓகே, ஒம்போது கெஜம்னாலும் ஓகேன்றான்!"

ஊருக்குள் அவ்வளவு இடம் ஏது? மேற்கே ஓர் ஏரி கோடையில் காய்ந்து, கட்டாந்தரையாகக் கிடக்கும். ஊர்ப் பஞ்சாயத்தில் கேட்டுக்கொண்டு அங்கே போனார்கள். தாமரைச்செல்வியின் அண்ணன் படகிலிருந்து கொண்டுவந்த கயிற்றை இரண்டு முளைகளில் மாட்டி, இழுத்துப் பிடித்துக்கொண்டு, சுண்ணாம்புத்தூளைத் தூவியபடி நடந்தார்கள். நடந்தார்கள், நடந்தார்கள், கோடு வளைவதாகவே தெரியவில்லை. தாங்கள் வட்டம் போடுகிறோமா, கடலூருக்கு ரோடு போடுகிறோமா என்று இஃப்ஃபத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் கோட்டின் இரு முனையும் கூடியபோது நிமிர்ந்து பார்த்தாள். எதிர்க்கோடியில் நிற்பது யாரென்று அடையாளம் தெரியவில்லை. கையை ஆட்டினாள். அங்கிருந்தும் யாரோ கையை ஆட்டினார்கள்.

"இதுக்குள்ளயா நாம ஆடணும்?" என்றாள் தாமரைச்செல்வி. அவள் குரல் எப்போதுமில்லாமல் தணிந்திருந்தது. கடலைப் பார்த்தே வளர்ந்தவள், தரையைப் பார்த்து அப்படி நின்றதை இஃப்ஃபத் அன்றுதான் பார்த்தாள்.

கோல் கம்பங்களுக்குப் பந்தல்காரர் ஆதிமூலத்திடம் போனில் சொல்லியாயிற்று. இந்த ஆட்டத்தில் கோலுக்கு வலையும் கிடையாது, குறுக்குக் கட்டையும் கிடையாது. ஒரு பக்கத்துக்கு நாலு கம்பம், நடுவில் இரண்டு உயரம், ஓரத்தில் இரண்டு குட்டை. இஃப்ஃபத் இதை இரண்டு தரம் சொன்னாள். அவரும் இரண்டு தரம் "ஆவட்டும்மா" என்றார்.

பூவிழி வருகிற நாள் காலையில் போய்ப் பார்த்தால், மைதானத்தின் இரு கோடியிலும் சரிவாகக் கீற்று வேய்ந்து இரண்டு கொட்டகை நிற்கிறது. முன்னால் இரண்டு உயரக் கம்பம், பின்னால் இரண்டு குட்டைக் கம்பம். வாசலில் வாழைமரம் வேறு.

"அண்ணே! என்னாண்ணே இது?"

"ஏன், நீதானம்மா சொன்ன? ரெண்டு ஒசரம், ரெண்டு குட்டை. அப்டின்னா சரிவுக் கொட்டாதான? வெயில்ல வர்றவங்க குந்தறதுக்குன்னு நெனச்சேன். வாழைமரம் என் செலவு."

"நாலையும் வரிசையா நடணும்ணே!"

"வரிசையாவா? வரிசையா நட்டா எதும்மேல கீத்து போடுறது?"

தாமரைச்செல்வி தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். இஃப்ஃபத்துக்கு அழுகை முட்டியது. அந்த நேரம் பார்த்துக் கரைமேல் ஒரு கார் வந்து நின்றது.

பூவிழி இறங்கி வந்து வாழைமரத்தையும் கொட்டகையையும் ஏற இறங்கப் பார்த்தாள். "கல்யாணம் யாருக்குங்க?" என்றாள்.

நடந்ததைச் சொன்னார்கள். கறாரான ஆள் என்று கேள்விப்பட்டிருந்த அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "ஒரு பக்கத்தைப் பிரிச்சு நட்டாப் போதுங்க. இன்னொண்ணு இருக்கட்டும், எனக்கு நிழல் வேணுமே."

ஆதிமூலம் புலம்பிக்கொண்டே கடப்பாரையை எடுத்தார். கம்பங்கள் வரிசையாக நிற்பதற்குள் பூவிழி தண்ணீர் பாட்டிலும் கையுமாக மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். தரையைக் குதிகாலால் தட்டிப் பார்த்தாள்.

"மழை வந்தா என்ன பண்ணுவீங்க?"

"மீன் புடிப்போம்," என்றாள் தாமரைச்செல்வி.

இஃப்ஃபத் அவளை முழங்கையால் இடித்துவிட்டு, லீக் நடக்கிற மாதங்களில் ஏரிக்குத் தண்ணீர் வராது என்று முறையாகப் பதில் சொன்னாள்.

ஆட்டம் தொடங்கியது. ஆள் போதாததால் பக்கத்துக்குப் பத்துப் பேராகப் பிரிந்து ஆடினார்கள். தாமரைச்செல்வி ஒருத்தியின் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பிப் பந்தைப் பறித்தபோது, பூவிழி கொட்டகையை விட்டு வெளியே வந்து நின்றாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் முகம் மாறிக்கொண்டே போனது. இத்தனை பெரிய வெளியில் இவர்கள் கோழிக்குஞ்சுகள் மாதிரி ஒரே இடத்தில் குவிந்து, பத்தடி இருபதடிக்குப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி அவளே உள்ளே வந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க, கேட்டர்றேன். இவ்வளவு இடம் கெடக்குது. ஏன் எல்லாரும் கண்ணாடிக் கடைக்குள்ள ஆடற மாதிரியே ஆடறீங்க?"

தாமரைச்செல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இஃப்ஃபத்தின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"விசாகப்பட்டினத்துல கிரவுண்டு இதைவிடச் சின்னது," என்றாள் பூவிழி. "ஆனா தூரமா உதைக்கறாங்க. உங்களை இப்படியே லீக்குல எறக்கினா மொத மேட்ச்லயே நொறுக்கிருவாங்க. அந்தப் பாவத்தை நான் கட்டிக்கமாட்டனுங்க."

இஃப்ஃபத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாங்க முழுசா ஒதைச்சதே இல்ல மேடம்."

"ஒரு தடவ கூடவா?"

"ஆடுறது பள்ளிக்கூடத்துல மேடம். ஒதைச்சா ஜன்னல் போய்டும்."

பூவிழி சுற்றிலும் பார்த்தாள். பிறகு பந்தை எடுத்து அவள் கையில் வைத்தாள். "இங்க ஜன்னல் இல்லீங்க."

இஃப்ஃபத் நாலடி ஓடி உதைத்தாள். உதைக்கிற நொடியில் கால் தானாகவே பின்வாங்கியது. பந்து வழக்கமான இடத்தில் போய் விழுந்தது. வெட்கத்தில் காது சுட்டது. இரண்டாவது பந்தும் அங்கேதான் விழுந்தது.

"ஏய்," என்றாள் தாமரைச்செல்வி, கேலி துளியும் இல்லாமல். "செவுத்த பாக்காதடி. செவுரு இல்ல."

மூன்றாவது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இஃப்ஃபத் நிமிர்ந்தாள். வெடித்த தரை, அதற்கப்பால் கரை, கரைமேல் பனைகள், அதற்குமேல் வானம். எதிலும் பந்து போய் மோத இடமில்லை. அவள் ஓடினாள். பந்தைக் கால்மேல் விட்டாள். இந்த முறை காலை அவள் பிடித்து நிறுத்தவில்லை.

பந்து எழும்பியது. பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே ஏறியது. இத்தோடு இறங்கிவிடும் என்று எல்லாரும் நினைத்த இடத்தைத் தாண்டியும் ஏறிக்கொண்டிருந்தது. யாரோ "ஐயோ" என்றது கேட்டது. மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் அது வருவதைக் கண்டு கூட்டமாகப் பறந்தன. அவற்றின் நடுவே பந்தும் ஒரு பறவை மாதிரி போயிற்று. வெகுதூரத்தில் புழுதி எழுந்தது. அதற்குப் பிறகுதான் அது தரையில் விழுந்த சத்தம் வந்து சேர்ந்தது. கட்டாந்தரையில் குதித்து, உருண்டு, கோட்டைத் தாண்டி, கரையை நோக்கி ஓடிக்கொண்டே இருந்தது.

இஃப்ஃபத் தன் காலைக் குனிந்து பார்த்தாள். யாருடையதோ மாதிரி இருந்தது. ஏழு வருஷமாக இது தன்னோடேயா இருந்தது?

பூவிழி பந்து போன வழியே நடக்க ஆரம்பித்தாள். நடந்து நடந்து சின்ன உருவமாகி, கரையடியில் போய் நின்றாள். அங்கிருந்து இரண்டு கையையும் வாயருகே வைத்து என்னமோ கத்தினாள். கடல்காற்று எதிரே வீசியதால் ஓர் எழுத்துகூட வந்து சேரவில்லை. மறுபடி கத்திப் பார்த்துவிட்டுப் பைக்குள்ளிருந்து போனை எடுத்தாள்.

இஃப்ஃபத்தின் போன் அடித்தது.

"கேக்குதுங்களா?" பூவிழிக்கு மூச்சு வாங்கியது. "கத்துனாக்கூட எட்டமாட்டேங்குது பாருங்க. நாளைக்கு லீக்குக்கு எழுதறேன், ஒன்பதாவது ஊர் உங்க ஊர்னு. ஆனா ஒண்ணு. சீசன் வரைக்கும் தெனம் இங்க வந்து ஒதைக்கணும். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகக்கூடாது. என்ன, கேக்குதுங்களா?"

"கேக்குது மேடம்," என்றாள் இஃப்ஃபத்.

மற்றவர்களிடம் சொல்லத் திரும்பினாள். பக்கத்தில் ஒருத்தியும் இல்லை. ஆளுக்கொரு பந்தை எடுத்துக்கொண்டு நாலா பக்கமும் கலைந்து போயிருந்தார்கள். ஒருத்தி உதைப்பதும், பந்து போய் விழும்வரை அசையாமல் நிற்பதும், பிறகு அதன் பின்னால் ஓடுவதுமாக, ஏரி முழுக்கச் சின்னச் சின்னப் புழுதிகள் எழுந்துகொண்டிருந்தன. எல்லாரையும்விடத் தூரத்தில் தாமரைச்செல்வி மாதிரி ஓர் உருவம் தெரிந்தது. இஃப்ஃபத் போனைக் கையில் பிடித்தபடியே, சேதியைச் சொல்ல அவளை நோக்கி ஓட ஆரம்பித்தாள். ஓடி முடிக்க நேரம் பிடிக்கும் போலிருந்தது.